நாரத்தை மரங்களுக்கு நடுவே ஓர் அச்சுக்கூடம்

பிரான்ஸ் போய்விட்டு வந்தேன் என்று சொன்னால், எல்லோரும் முதலில் கேட்பது, "ஈஃபில் டவர் பார்த்தீங்களா?" என்றுதான். பார்க்கவில்லை. பாரிஸ் பக்கமே நான் போகவில்லை. என் மகளும் மாப்பிள்ளையும் இருப்பது அந்த நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலை ஒட்டிய ஆந்தீப் என்ற ஊரில். அதன் பக்கத்தில் 1969ல் தொடங்கிய ஒரு பெரிய தொழில்நுட்பப் பேட்டை இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார்கள். மாப்பிள்ளையும் அவர்களில் ஒருவர்.

போன பிப்ரவரியில் அங்கே ஆறு வாரம் இருந்தேன். கடல் ஒரு பக்கம், பனி மூடிய மலை இன்னொரு பக்கம், நடுவில் மஞ்சள் மஞ்சளாக மிமோசா பூத்துக் குலுங்குகிறது. கண்ணுக்கு விருந்துதான். ஆனாலும் வீட்டுக்குள் ஒரு சின்னக் கவலை இருந்தது.

என் பேத்திக்கு எட்டு வயது. வீட்டில் என்னிடம் தமிழில் லொடலொட என்று பேசுவாள். பள்ளிக்கூடத்தில் வாயைத் திறப்பதே இல்லையாம். டீச்சர் சொல்லி அனுப்பியிருந்தார். பள்ளி விட்டு வந்ததும் ஒரு டாப்லெட்டை எடுத்து வைத்துக்கொண்டு சோபா மூலையில் சுருண்டுவிடுவாள். விளையாட்டு மட்டும் இல்லை, படிப்பும் அதில்தான். சரியான விடையைத் தொட்டால் ஒரு நட்சத்திரம் மின்னும். தப்பு என்றால் ஒரு ஆந்தை தலையை ஆட்டும். "பாருங்கம்மா, எவ்வளவு சமர்த்தா தானே படிக்கிறா" என்று மாப்பிள்ளைக்குப் பெருமை. மகளுக்கு மட்டும் சமாதானம் இல்லை. "தானே படிக்கிறா, தானே விளையாடுறா, தானே சிரிக்கிறா. எல்லாம் தானேதான்" என்றாள் ஒரு நாள், பாத்திரம் துலக்கிக்கொண்டே.

அவர்கள் குடியிருப்பின் மேல்மாடியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். படி ஏறி இறங்கும்போது சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். ஒரு மாலை அவர் எங்களோடு தேநீர் குடிக்க வந்தார். பேச்சு குழந்தையைப் பற்றியும் டாப்லெட்டைப் பற்றியும் திரும்பியது. மகள்தான் நடுவில் மொழிபெயர்த்தாள். அந்த அம்மாள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "விடுமுறையில் லெ பார் சுர் லூ போய் வாருங்கள். அப்படியே வான்ஸும் பாருங்கள். வந்தபிறகு என் வீட்டுக்கு வாருங்கள், ஒன்று காட்டுகிறேன்" என்றார்.

அங்கே பிப்ரவரியில் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறை உண்டு. மாப்பிள்ளை காரை எடுத்தார்.

கடலோரத்தை விட்டு மலை ஏற ஏற ஊர்கள் சின்னதாகிக்கொண்டே போகின்றன. க்ராஸ் என்ற ஊர் வந்தது. உலகத்துக்கே வாசனைத் திரவியம் செய்துகொடுக்கும் ஊர். அங்கே பயிராகும் மல்லிகை வேறு ஒன்றுமில்லை, நம் ஊர்ப் பிச்சிப்பூதான். சங்கரன்கோவில் பக்கம் பிச்சி தொடுத்தே வளர்ந்தவள் நான். பிப்ரவரியில் பூ இல்லை. பெயரைக் கேட்டதோடு சரி.

க்ராஸிலிருந்து சிறிது தூரத்தில் ஒரு பாறை முகட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது லெ பார் சுர் லூ. கீழே ஆழத்தில் லூ நதி. பழைய கோட்டை ஒன்று, பழைய தேவாலயம் ஒன்று, அதைச் சுற்றி இரண்டு பேர் எதிரெதிரே நடந்தால் தோள் உரசும் சந்துகள். சரிவெல்லாம் படிப்படியாகக் கல் கட்டி மரம் வைத்திருக்கிறார்கள். ஆரஞ்சு நிறத்தில் பழங்கள் தொங்கின. "ஆச்சி, ஆரஞ்சு!" என்று பேத்தி ஓடினாள். கீழே விழுந்து கிடந்த ஒன்றை எடுத்துத் தோலைக் கீறி முகர்ந்து பார்த்தேன். ஆரஞ்சு இல்லை. அப்படியே நம் நாரத்தை வாசனை! "ஏட்டி, இது ஊறுகாய்க்கு ஆகும்ட்டி" என்று நான் சொல்ல, அவள் ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தாளே, அதைப் படம் பிடித்திருக்க வேண்டும். கசப்பு ஆரஞ்சு என்று அவர்கள் சொல்கிறார்கள். பழத்தில் ஜாம் செய்வார்கள், ஒரு வகை ஒயினும் செய்வார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இந்த மரத்தை வளர்த்தது பூவுக்காகத்தான். அந்தப் பூவிலிருந்து எடுக்கும் தைலம் க்ராஸ் வாசனைக்காரர்களுக்குப் போகும். ஈஸ்டருக்கு மறுநாள் இந்த மரத்துக்கே ஒரு திருவிழா கொண்டாடுகிறார்கள்.

இந்த ஊரின் சிறுவர் பள்ளிக்குத்தான் 1920ஆம் ஆண்டு சனவரி மாதம் ஓர் இளம் வாத்தியார் வந்து சேர்ந்தார். பெயர் செலெஸ்தென் ஃப்ரெனே. இதே மாவட்டத்தில், இன்னும் உள்ளே மலையில் இருக்கும் கார் என்ற குக்கிராமத்தில் 1896ல் பிறந்தவர். முதல் உலகப் போரில் 1917ல் நுரையீரலில் குண்டு பாய்ந்து, பிழைத்ததே பெரிய விஷயம் என்ற நிலையில் வந்தவர். கொஞ்ச நேரம் உரக்கப் பேசினால் மூச்சு வாங்கும். நாள் முழுவதும் தொண்டை கிழியப் பாடம் சொல்வது அவரால் ஆகாது. பிள்ளைகளோ மலையடிவாரத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். சும்மா இருப்பார்களா?

அவர் செய்த முதல் காரியம், பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனது. மத்தியான நேரத்தில் வயல், ஓடை, தச்சுப்பட்டறை, கொல்லன் உலை என்று நடப்பார்கள். பிள்ளைகள் கேள்விமேல் கேள்வி கேட்பார்கள். அவருக்கும் மூச்சு சீராக வரும். ஆனால் திரும்பி வந்து வாசகப் புத்தகத்தைத் திறந்ததும் அத்தனை முகமும் வாடிப்போகும். புத்தகத்தில் இருப்பது யாரோ எங்கோ கண்ட உலகம். இவர்கள் சற்று முன் பார்த்தது அதில் ஒரு வரியும் இல்லை.

நத்தைப் பந்தயம் என்று ஒரு கதையை அவர் வழி வந்த ஆசிரியர்கள் இன்றும் சொல்வார்கள். மழை பெய்த ஒரு நாள் பையன்கள் நத்தைகளைப் பிடித்து வந்து பெஞ்சின் மேல் வரிசையாக விட்டுப் பந்தயம் வைத்துவிட்டார்களாம். நம் ஊர் என்றால் நத்தை ஜன்னல் வழியாகவும் பையன் வாசல் வழியாகவும் போயிருப்பார்கள்! இவர் அதட்டவில்லை. பந்தயத்தை அவர்களையே சொல்லச் சொல்லி, அந்த வார்த்தைகளையே கரும்பலகையில் எழுதினார். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பையன்கள்கூட அதைக் கடகடவென்று படித்தார்கள். தாங்கள் சொன்னதாயிற்றே!

ஆனால் கரும்பலகையில் எழுதினால் மறுநாள் அழிக்கத்தானே வேண்டும்? அதுதான் அவர் மனதை அரித்தது. 1924ல் தம் கைக்காசைப் போட்டு ஒரு சின்னக் கை அச்சு இயந்திரம் வாங்கினார். மேசைமேல் வைக்கக்கூடிய அளவுதான். ஈய எழுத்துகள், அவற்றைக் கோக்கும் சின்னச் சட்டம், மை உருளை. அவ்வளவையும் கொண்டுபோய் வகுப்பின் நடுவில் வைத்தார்.

எனக்கு இதைக் கேட்டதும் பாளையங்கோட்டையில் என் பெரியப்பா வைத்திருந்த அச்சாபீஸ் ஞாபகம் வந்தது. கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் அடிக்கும் அச்சாபீஸ். அச்சுக் கோப்பவர் பக்கத்தில் நாங்கள் போய் நின்றால் போதும், "எழுத்தைக் கலைச்சிராதே, ஓடு" என்று விரட்டுவார். எட்டு வயதுப் பையனிடம் எழுத்துப் பெட்டியைக் கொடுக்க ஒரு மனசு வேண்டும்.

வேலை இப்படி நடக்கும். பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றியதை எழுதி வருவார்கள். தலைப்பு கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வது கிடையாது. எங்கள் ஆடு குட்டி போட்டது, அப்பா மரத்திலிருந்து விழுந்தார், ராத்திரி காற்றடித்தது... எதுவானாலும் சரி. ஒவ்வொருவரும் தன்னுடையதை வகுப்பில் படிப்பார்கள். எதை அச்சடிப்பது என்று கை தூக்கி வாக்கெடுப்பு. தேர்ந்ததைக் கரும்பலகையில் எழுதி, எல்லோருமாகச் சேர்ந்து சீர்படுத்துவார்கள். "இந்த இடம் புரியலை", "இந்த வார்த்தை ரெண்டு தடவை வருது" என்று வாத்தியார் மட்டும் இல்லை, பக்கத்துப் பையனும் சொல்வான். பிறகு ஆளுக்கு ஒரு வரி பிரித்துக்கொண்டு எழுத்துக் கோப்பார்கள். ஒரு எழுத்து தப்பாக இருந்தாலும் அச்சில் அப்படியே வந்து பல்லைக் காட்டும். அதனால் இம்போசிஷன் எழுதவைக்காமலே எழுத்துப்பிழை குறைந்தது. கடைசியில் தாள்கள் காயும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பிரதியைத் தொகுத்து வைத்துக்கொள்வான். 'வாழ்க்கைப் புத்தகம்' என்று அதற்குப் பெயர். அந்த வருஷத்துக்கு அதுதான் அவர்கள் தாங்களே செய்துகொண்ட வாசகப் புத்தகம்.

அதோடு நின்றிருந்தால் அது ஒரு ஊர்ப் பள்ளியின் விளையாட்டாகவே போயிருக்கும். சில ஆண்டுகளுக்குள் பிரான்ஸின் மறுகோடியில், பிரிட்டனி கடற்கரையில் த்ரெகங் என்ற ஊரின் வாத்தியார் ஒருவர் தம் பள்ளியிலும் அச்சு இயந்திரம் வைத்தார். இந்த வகுப்பு அச்சடித்தது அங்கே போகும், அந்த வகுப்பு அடித்தது இங்கே வரும். மலையும் நாரத்தையும் மட்டும் அறிந்த பிள்ளைகள் தபாலில் கடலைப் படித்தார்கள். மீன்பிடிக் கடலோரத்துப் பிள்ளைகள் ஆலிவ் உலுக்குவதைப் படித்தார்கள். யாரோ முகம் தெரியாத பையன் நான் எழுதியதைப் படிப்பான், புரியவில்லை என்றால் திருப்பிக் கேட்பான் என்றால் எழுதுகிற கைக்கு எவ்வளவு கவனம் வந்துவிடும்! வாத்தியார் மார்க் போடுவதற்காக எழுதுவதும் அதுவும் ஒன்றாகுமா?

இந்த முயற்சிகளில் அவருக்குத் துணை நின்ற எலீஸை 1926ல் மணந்துகொண்டார். அவரும் பள்ளி ஆசிரியை, அதோடு நல்ல மரச்செதுக்கு ஓவியர். பிள்ளைகளின் படங்களை லினோலியத்தில் செதுக்கி எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கிற வேலைக்கு அவர் கை பெரிய துணை. 1927லேயே பல பள்ளிப் பிள்ளைகள் எழுதியதைத் திரட்டி ஒரு சிறுவர் பத்திரிகையும் வந்தது. கூட்டுறவுச் சங்கம் ஒன்று அமைத்து அச்சு இயந்திரம், கிராமபோன், சின்ன சினிமாக் கருவி எல்லாம் பள்ளிகளுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். புது இயந்திரம் என்றால் அவர்களுக்குப் பயமே இல்லை.

ஆனால் ஊருக்குப் பயம் வந்தது. இதை நான் எழுதாமல் விட்டால் கதை இனிப்பாக மட்டும் இருக்கும்.

1928ல் ஃப்ரெனே தம்பதி சேன் பொல் என்ற பக்கத்து ஊருக்கு மாறினார்கள். இன்று கோடீஸ்வரர்கள் ஓவியம் வாங்க வரும் அழகான கோட்டை ஊர். அன்று அங்கிருந்த பள்ளிக்கூடமோ சுகாதாரக் கேடான பழைய கட்டடம். அதைச் சரிசெய்யச் சொல்லி வாத்தியார் நச்சரித்தது ஊர்ப் பெரியவர்களுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய அரசியலும் இடதுசாரி அரசியல். அந்தச் சமயத்தில் ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். பாடப்பொருள்களை இலவசமாகத் தர மறுத்த மேயரை எதிர்த்து வகுப்பே கிளம்புகிறது. கனவுதானே, அதில் கத்தியும் ரத்தமும் வந்தன. வழக்கம்போல அச்சாயிற்று. 1932 டிசம்பரில் ஓர் இரவு, ஊர்ச் சுவர்களில் வாத்தியாருக்கு எதிராகச் சுவரொட்டிகள் முளைத்தன. இப்படியா பிள்ளைகளுக்குப் படிப்பு சொல்வது என்று கேட்டு அந்தக் கனவையும் அதில் போட்டிருந்தார்கள். பாரிஸ் பத்திரிகை வரை போனது. பெற்றோரில் ஒரு பகுதியினர் பிள்ளைகளை அனுப்ப மறுத்தார்கள். 1933 ஏப்ரலில் கூட்டம் பள்ளி வாசலை முற்றுகையிட, அவர் துப்பாக்கியோடு வாசலில் நிற்கும் அளவுக்குப் போய், கோடையில் அவரை அந்த ஊரிலிருந்து மாற்றிவிட்டார்கள்.

இதைக் கேட்டபோது மாப்பிள்ளை, "அந்தக் காலத்து ஜனங்க!" என்றார். எனக்கு அப்படி ஒதுக்கிவிட முடியவில்லை. அந்தத் தாய்மார்களில் ஒருத்தியாக என்னை நினைத்துப் பார்த்தேன். என் பிள்ளை எழுதியது ஊர்ச் சுவரில் தொங்கினால் எனக்கு எப்படி இருக்கும்? குழந்தைக்குக் கனவு வரலாம். எழுதவும் எழுதலாம். எழுதினதால்தான் மனசு லேசாகும். ஆனால் அதை எத்தனை பேர் கையில் கொடுப்பது என்பதை ஒரு பெரியவர் உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டாமா? நூறு பிரதி அச்சடிக்கும் இயந்திரத்துக்கே அந்தக் கேள்வி உண்டென்றால், இன்று குழந்தை ஆடியது, அழுதது, கோபித்தது எல்லாவற்றையும் நாமே போனில் பிடித்து ஊர் முழுக்க அனுப்பிவிடுகிறோமே, நம்மை யார் கேட்பது? அந்தச் சுவரொட்டி ஒட்டியவர்கள்மேல் எனக்குக் கோபம்தான். வாத்தியார்மேலும் ஒரு சின்ன மனத்தாங்கல் இருக்கிறது.

லெ பாரிலிருந்து வான்ஸுக்குப் போகும் பாதை வளைந்து வளைந்து போகிறது. வழியில் தூரெத் என்ற ஊர், வயலெட் பூவுக்குப் பேர் போனது. சின்னக் கட்டாக ஒன்று வாங்கி மகள் என் தலையில் செருகினாள். காதோரம் குளிர்ந்தது.

வான்ஸுக்கு எல்லோரும் போவது மத்தீஸ் என்ற ஓவியர் கட்டிய சின்ன தேவாலயத்தைப் பார்க்க. நாங்கள் ஊருக்கு வெளியே குன்றின்மேல் போனோம். வேலையை விட்ட ஃப்ரெனே, 1935ல் தம் சொந்தப் பள்ளியை இங்கேதான் ஆரம்பித்தார். பெரியவர்களும் பிள்ளைகளுமாக உழைத்துக் கட்டடங்களை எழுப்பினார்கள். ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அகதிப் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தார்கள். 1940ல் அரசாங்கம் அவரைப் பிடித்து முகாமில் அடைத்தது. ஓராண்டுக்கு மேல் கழித்துத்தான் விட்டது. போர் முடிந்தபின் திரும்பி வந்து பள்ளியை மறுபடி எடுத்து நடத்தினார். 1966ல் காலமானார். 1991 முதல் அது அரசுப் பள்ளி. ஒரு காலத்தில் துரத்திய அரசாங்கமே இப்போது நடத்துகிறது!

விடுமுறை என்பதால் கேட் பூட்டியிருந்தது. விடுமுறை இல்லாவிட்டாலும், பிள்ளைகள் படிக்கும் இடத்தில் அந்நியர் நுழைய முடியாது, அதுதான் நியாயமும். சரிவில் மரங்களுக்கு இடையே சின்னச் சின்னக் கட்டடங்கள். பேத்தி கம்பிகளுக்கு நடுவே மூக்கை நுழைத்துப் பார்த்தாள். "இங்க பெல் அடிப்பாங்களா ஆச்சி?" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

மறுநாள் மாலை மேல்மாடி ஆசிரியை வீட்டுக்குப் போனோம். அவர் காட்டுகிறேன் என்றது கீழே கார் நிறுத்தும் அறையில் இருந்தது. போர்வையை எடுத்தார். ஃப்ரெனே கூட்டுறவுக்காரர்கள் விற்ற அதே மாதிரி சின்ன அச்சு இயந்திரம்! பக்கத்தில் அறை அறையாகத் தடுத்த எழுத்துப் பெட்டி.

அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த முறையில் கிராமப் பள்ளிகளில் பாடம் சொன்னவர். 1980களில் பிரான்ஸில் மினிடெல் என்று டெலிபோனோடு சேர்ந்த சின்னத் திரைப்பெட்டி வந்தபோது, வகுப்புக்கு வகுப்பு அதில் செய்தி அனுப்ப வைத்தாராம். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. "அச்சு இயந்திரம் போய்விட்டதே என்று நான் அழவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன்" என்றார். "அச்சு இயந்திரத்தை ஒருத்தி தனியாக ஓட்ட முடியாது. ஒருத்தி கோப்பாள், ஒருத்தி கண்ணாடி வைத்துச் சரிபார்ப்பாள், ஒருத்தி மை தடவுவாள், ஒருத்தி தாள் வைப்பாள், ஒருத்தி உலர்த்துவாள். சண்டை போட்டால் வேலை நின்றுவிடும். கம்ப்யூட்டரை ஒருத்தி தனியாக ஓட்ட முடியும். அதனால் மூன்று பேருக்கு ஒன்று என்று வைத்தேன். இன்னும் வாங்கித் தருகிறோம் என்று ஊராட்சியில் சொன்னார்கள். வேண்டாம் என்றேன்."

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். "எங்க ஆபீஸ்லயும் முக்கியமான புரோகிராம்னா ரெண்டு பேரை ஒரே கம்ப்யூட்டர் முன்னால உட்கார வைப்போம்" என்றார். அப்போதும் குழந்தையின் டாப்லெட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. மாப்பிள்ளையாயிற்றே.

அந்த அம்மாள் தம் வகுப்புச் சுவரில் வைத்திருந்த ஒரு தாளைப் பற்றியும் சொன்னார். இதுவும் ஃப்ரெனே வழக்கம்தான். பெரிய தாளை நான்காகக் கோடு போட்டு, குறை சொல்கிறேன், பாராட்டுகிறேன், வேண்டும் என்று கேட்கிறேன், செய்து முடித்தேன் என்று நாலு பத்தி. வாரம் முழுவதும் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பெயர் போட்டுத்தான் எழுத வேண்டும். வாரக் கடைசியில் எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துப் பேசுவார்கள். மகள் அன்று இரவே அதை அடுக்களைக் கதவில் ஒட்டிவிட்டாள். முதல் குறை மாப்பிள்ளை பேரில் வந்தது, சாப்பிடும்போது போன் பார்க்கிறார் என்று. எழுதியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. முதல் பாராட்டு எனக்கு, ஆப்பத்துக்காக.

அச்சு வேலைக்கு வருகிறேன். ஆசிரியையின் பேரன்கள் இருவர், பத்து வயதும் பன்னிரண்டு வயதும், விடுமுறைக்கு வந்திருந்தார்கள். "நீ எழுது, அவர்கள் கோப்பார்கள்" என்று என் பேத்தியிடம் தாளை நீட்டினார். அவள் அம்மா சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். ஆசிரியை வற்புறுத்தவில்லை. பையன்களிடம் ஏதோ சொல்லிவிட்டு எழுத்துப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்தார். கால்மணி நேரம் போயிருக்கும். பேத்தி மெல்ல வந்து ஸ்டூலில் உட்கார்ந்து நாலு வரி எழுதினாள், பிரெஞ்சில். ஆச்சி மரத்தடியில் பழத்தை முகர்ந்தாள், இது நாரத்தை என்றாள், நான் தின்றேன், ஆச்சி பொய் சொல்லவில்லை. இவ்வளவுதான்.

பெரியவன் படித்துவிட்டு, "நாரத்தை என்றால் என்ன?" என்று கேட்டான். அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா வேண்டுமென்றே சுவரைப் பார்த்தாள். வேறு வழியில்லாமல் அவளே சொல்லத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு கையை ஆட்டி ஆட்டி, உப்பு, ஊறுகாய், வெயில் எல்லாம் வந்தது!

எழுத்துக் கோக்கும்போது 'எ' தீர்ந்துபோயிற்று. பிரெஞ்சில் அந்த எழுத்துதான் அதிகம் வருமாம், பெட்டியில் பாதி தொலைந்திருந்தது. பிறகு மூன்று பேரும் தலையை முட்டிக்கொண்டு, 'எ' குறைவாக வரும் வார்த்தைகளைத் தேடி இரண்டு வரியை மாற்றி எழுதினார்கள். அரைமணி நேரம் வாக்குவாதம். சின்னவன் ஒரு எழுத்தைத் தலைகீழாக வைத்துவிட்டான். அச்சில் பார்த்ததும் பெரியவன் திருத்தப் போனான். என் பேத்தி, "வேண்டாம், அது அவன் வைத்தது, அப்படியே இருக்கட்டும்" என்றாளாம். மகள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னபோது அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. மை எல்லார் முழங்கை வரையிலும் இருந்தது. இருபது தாள் அடித்து, துணி காயப்போடும் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டோம்.

ஊருக்குத் திரும்பும்போது பதினைந்து தாளை என் பெட்டியில் வைத்தாள். பாளையங்கோட்டையில் என் தங்கை பேரன் மூன்றாம் வகுப்புப் படிக்கிறான். அவன் வகுப்புக்கு என்றாள். பிரெஞ்சு யாருக்குப் புரியும்? ஒவ்வொரு தாளின் அடியிலும் நான் தமிழில் எழுதினேன். விமானத்தில் உட்கார்ந்து பதினைந்து தடவை எழுதியதில் விரல் மரத்துவிட்டது. அச்சின் அருமை அப்போது தெரிந்தது!

அந்த வகுப்பு டீச்சரிடம் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தேன். பரீட்சை நேரம், வைத்துவிட்டுப் போங்க என்பார் என்று நினைத்தேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துத் தங்கை பேரன் கையில் ஒரு தடித்த கவர் கொடுத்தனுப்பினார். முப்பத்திரண்டு பிள்ளைகள் கைப்பட எழுதிய தாள்கள். பாதிப் பேர் வீட்டில் ஊறுகாய் போடும் விதத்தை எழுதியிருந்தார்கள். அதில் இரண்டு எனக்கே புதிசு. ஒரு பெண், அந்தத் தலைகீழ் எழுத்து பிரெஞ்சுக்காரர்களுக்கு அப்படித்தானா என்று கேட்டிருந்தாள். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் ஒரே ஒரு வரி எழுதியிருந்தான்: "அந்த மரத்துப் பழம் ரோட்டில் விழுந்தால் யார் எடுத்துக்கொள்வார்கள், மரக்காரர் ஏசுவாரா?"

எல்லாவற்றையும் தபாலில் அனுப்பினேன். போன ஞாயிற்றுக்கிழமை மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, கவர் வந்திருச்சு. இவ காலையிலேர்ந்து ஒரே பிடிவாதம். லெ பாருக்குப் போகணுமாம், அங்க யாரையாவது நிறுத்தி அந்தப் பையன் கேட்டதைக் கேக்கணுமாம். நீ கேட்டுச் சொல்றியான்னா மாட்டேங்கிறா, தானே கேப்பாளாம். மேல்வீட்டுப் பையன்களும் வாராங்க. அவர் காரைத் துடைச்சிட்டிருக்காரு."